“நீங்க உளவு பார்க்கப் போறீங்களா சார்?” - குமணன்சாவடியில் ஒரு விசா விண்ணப்பம்!

குமணன்சாவடி மெயின் ரோட்டில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. கரன்ட் பில் கட்டுவதில் இருந்து ஆதார் திருத்தம் வரை எல்லாம் அங்கே நடக்கும். அன்று காலை கம்ப்யூட்டர் முன் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆவடி டாங்கி தொழிற்சாலையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம். அமெரிக்க விசாவுக்கான ‘டிஎஸ்-160’ படிவத்தை நிரப்ப வேண்டும்.

“சர்நேம் என்ன சார்?”

“நமக்கு ஏதுப்பா சர்நேம்? இனிஷியல்தான்.”

பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், சொந்தப் பெயரே சர்நேம் ஆகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று வரும். ‘ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்’, அதாவது முதல் பெயர் தெரியவில்லை.

“முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவருக்குப் பேரு தெரியலையாமா?” என்று அம்மா சிரித்தார்.

அடுத்த கேள்வியில் சிரிப்பு நின்றது. “இதுக்கு முன்னாடி உங்களுக்கு அமெரிக்க விசா மறுத்திருக்காங்களா?”

எட்டு வருடங்களுக்கு முன், முதல் பிரசவத்தின்போது இருவரும் நேர்காணலுக்குப் போனார்கள். இரண்டு நிமிடத்தில் பாஸ்போர்ட் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. மூத்த பேரனை இன்றுவரை வாட்ஸ்அப் வீடியோவில்தான் பார்க்கிறார்கள்.

“இல்லைன்னு போடுப்பா. பழைய பாஸ்போர்ட்டே முடிஞ்சுபோச்சு. ஆமான்னு போட்டா திரும்பவும் துரத்திடுவாங்க” என்றார் அவர். தம்பி ‘இல்லை’யை கிளிக் செய்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

படிவம் தொடர்ந்தது. “நீங்க ஏதாவது குலம், பழங்குடியைச் சேர்ந்தவரா?”

“கோத்திரம் கேக்குறாங்களா, குலதெய்வம் கேக்குறாங்களா?”

“துப்பாக்கி, வெடிபொருள், அணு விஷயத்துல பயிற்சி உண்டா சார்?”

“டாங்கி ஃபேக்டரிதான். ஆனா, நான் ஸ்டோர்ஸ்ல இருந்தேன்பா. போல்ட்டும் நட்டும் எண்ணினதுதான் பயிற்சி.”

“அமெரிக்காவுல உளவு பார்க்கப் போறீங்களா?”

இதற்கு அம்மா முந்திக்கொண்டார். “மாப்பிள்ளை வீட்டுல என்ன நடக்குதுன்னு பார்க்கத்தானே போறோம்!”

தீவிரவாதம், இனப்படுகொலை, சித்ரவதை, சிறுவர்களைப் படையில் சேர்த்தது என்று கேள்விகள் வரிசையாக வந்தன. ஒன்றை மட்டும் தம்பி வாய்விட்டுப் படிக்காமல், காது சிவக்க ‘இல்லை’ போட்டு நகர்ந்தான். பாலியல் தொழில் பற்றிய கேள்வி அது!

இது அமெரிக்காவின் குறும்பு மட்டுமல்ல. ‘நீங்கள் நல்ல நடத்தை உள்ளவரல்ல என்று எண்ண வைக்கும் வேறு ஏதாவது செய்திருக்கிறீர்களா?’ என்று பிரிட்டன் கேட்கும். உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தான் பிரஜைகளா என்று வெளிநாட்டினரிடம் நம் நாட்டு விசா படிவமும் கேட்கும்.

இவற்றுக்கு நூறு வருடக் கதை உண்டு. 1901-ல் அமெரிக்க அதிபர் மெக்கின்லியை, அரசாங்கமே கூடாது என்ற கொள்கை கொண்ட ஒருவர் சுட்டார். அதிபர் இறந்துபோனார். அந்தக் கொள்கைக்காரர்கள் நாட்டுக்குள் வர 1903-ல் தடைச் சட்டம் வந்தது. 1921-ல் அமெரிக்கா போன ஆங்கில எழுத்தாளர் ஜி.கே.செஸ்டர்டனிடம், ‘நீங்கள் அந்தக் கொள்கைக்காரரா? பலதார மணத்தை ஏற்பவரா? அமெரிக்க அரசைப் பலவந்தமாகக் கவிழ்க்க ஆதரவா?’ என்றெல்லாம் படிவம் கேட்டது. அவர் அதைக் கிண்டலடித்து 1922-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார்.

உண்மையான தீவிரவாதி ‘ஆமாம்’ என்று டிக் அடிப்பானா? அடிக்க மாட்டான். ஆனால், அவன் சொன்ன ‘இல்லை’ பதிவாகிவிடும். பின்னாளில் குற்றத்தை நிரூபிக்க முடியாவிட்டாலும், பொய் சொன்னதை நிரூபித்தால் போதும், வெளியே அனுப்பிவிடலாம். உக்ரைனில் பிறந்த ஜான் டெம்யான்யுக், நாஜி முகாம் காவலராக இருந்ததை மறைத்து 1952-ல் அமெரிக்கா போனவர். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து, குடியுரிமையும் வாங்கினார். மறைத்தது வெளிவந்ததும் குடியுரிமை பறிபோனது. 2009-ல் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். 2011-ல் மியூனிக் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது.

குமணன்சாவடி கடையில் தம்பி அடுத்ததைப் படித்தான். “பொய்த் தகவல் கொடுத்து எப்பவாவது அமெரிக்க விசா வாங்க முயற்சி பண்ணியிருக்கீங்களா?”

அவர் “இல்லை” என்றார். அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏங்க, அதைத்தானே இப்போ பண்ணிக்கிட்டு இருக்கோம்? தம்பி, பின்னாடி போப்பா. மறுத்தாங்கன்னு போடு.”

“உனக்குப் பேரனைப் பார்க்க வேணாமா?”

“பார்க்கணும். ஒரு தடவை பார்த்துட்டு, அடுத்த தடவை போக முடியாம ஆயிடக் கூடாது.”

அவர் சொன்னது சரிதான். விசா மறுக்கப்படுவது நிரந்தரத் தடையல்ல, எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி விண்ணப்பிக்கலாம். வேண்டுமென்றே பொய் சொன்னதாகத் தெரிந்தால்தான் ஆயுள் முழுக்கக் கதவு மூடும் ஆபத்து. தம்பி பின்னால் போய் ‘ஆமாம்’ போட்டான்.

கடைசியில் இன்னொரு கேள்வி. ‘இந்தப் படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா?’

“இல்லைன்னு போட்டுடலாமாம்மா?”

“பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு இல்லைன்னா எப்படிப்பா? உன் பேரைப் போடு.”

ஒரு மாதம் கழித்து நேர்காணல். ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில் இருவரும் கண்ணாடி ஜன்னல் முன் நின்றார்கள். உளவு, வெடிகுண்டு எதுவும் வரவில்லை. யாரைப் பார்க்க, எத்தனை நாள், மகள் என்ன வேலை? பிறகு, திரையைப் பார்த்தபடியே அதிகாரி கேட்டார். “எட்டு வருஷத்துக்கு முன்னாடி வந்திருக்கீங்க, இல்லையா?”

“ஆமாம்மா. அப்போ கிடைக்கலை. ஃபாரத்துலயும் எழுதியிருக்கோம்” என்றார் அம்மா.

இந்த முறை பாஸ்போர்ட் திரும்பி வரவில்லை. விசா குத்துவதற்காக உள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

இப்போது வீட்டில் பெட்டி கட்டும் வேலை. பிரசவ லேகியம், பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய். இறங்கியதும் ஏர்போர்ட்டில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்பார்கள் என மகள் போனில் சொல்லியிருக்கிறாள்.

“இல்லைன்னு சொல்லிடலாமா?” என்றார் அவர்.

அம்மா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார்.

“சரி சரி... ஊறுகாய் இருக்குன்னே சொல்லிடுறேன்.”