நூறில் ஒரு பங்கு

கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் ஒரு பதக்கம் கைநழுவிப் போன கதையைக் கேட்டிருக்கிறீர்களா?

1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான 400 மீட்டர் தடையோட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்தது அப்போதுதான். இறுதி ஓட்டத்தில் இந்தியாவின் பி.டி.உஷா 55.42 வினாடியில் ஓடி முடித்தார். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணின் நேரம் 55.41. ஒரு வினாடியை நூறாகப் பகுத்தால் அதில் ஒரே ஒரு பங்கு! வெண்கலம் போய்விட்டது.

உஷா கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில், பையோலி என்னும் கடலோர ஊரில் வளர்ந்தவர். சிறு வயதில் அடிக்கடி நோயில் படுத்த பிள்ளை. கண்ணூரில் பெண்களுக்கெனத் தொடங்கப்பட்ட விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தபோது, பயிற்றுநர் ஓ.எம்.நம்பியார் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார். பிறகு ஊர்க் கடற்கரை மணலே அவருக்குப் பயிற்சித் திடலாயிற்று. 1980-இல், 16 வயதில், மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஓடினார்.

நான்காவதாக வந்தவர் மனமுடைந்து மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. மறு ஆண்டே ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார். 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. 2002-இல் ஏழைப் பெண்பிள்ளைகளுக்காகத் தடகளப் பள்ளி தொடங்கினார். அங்கே உருவான டின்டு லூக்கா பின்னாளில் ஆசியப் போட்டிகளில் பதக்கம் பெற்றார். 2022-இல் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவராகவும் உஷா தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்த 55.42 என்ன ஆயிற்று தெரியுமா? 39 ஆண்டுகள் எந்த இந்தியப் பெண்ணாலும் எட்ட முடியாத நேரமாக இருந்தது. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில்தான், கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் அதே 55.42 வினாடியில் ஓடி அதைச் சமன் செய்தார். வண்டி ஓட்டிப் பிழைத்த தகப்பனாரின் மகள் அவர்.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் உண்டு. எங்கள் தோட்டப் பள்ளியில் நன்றாக ஓடும் பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும், "இனிமே ஓட்டமெல்லாம் எதுக்குங்க டீச்சர்?" என்று தாய்மார் கேட்கிறார்கள். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. விடியற்காலை பால்மரம் வெட்டப் போகும் தாய்க்கு, மகள் யாரோடு போகிறாள், எப்போது திரும்புவாள் என்ற கவலை இருக்கத்தானே செய்யும்?

பெற்றோர்களே, அந்தக் கவலையைப் பள்ளியில் வந்து சொல்லுங்கள். பயிற்சி எத்தனை மணிக்கு, உடன் இருப்பவர் யார் என்று தயங்காமல் கேளுங்கள். மனம் நிறைந்தால் பிள்ளையை ஓட விடுங்கள். பரிசு வராமல் போனாலும் அவள் ஓடிய ஓட்டம் வீண் போகாது.