முழு நோன்பு

எங்கள் வீடுகளில் ஒரு பெண் பிள்ளைக்கு மாதம் பிந்துவதை ரமழான் காட்டிக்கொடுத்துவிடும். மாதம் வந்து நோன்பில்லாத நாட்களிலும் வாப்பாவுக்கும் நானாமாருக்கும் தெரியக்கூடாதென்று ஸஹருக்கு எழும்பி உட்காருவோம். ஆனால் விடுபட்டுப் பின்னால் பிடிக்கவேண்டிய கழா நோன்பு எத்தனை என்பது உம்மாவுக்குத் தெரியும். அந்த வருஷம் எனக்கு ஒன்றுகூட விடுபடவில்லை. "மாஷா அல்லாஹ், முழுக்கப் புடிச்சிட்டா" என்று சாச்சி மெச்சினார். உம்மா பேசாமல் இருந்தார். பெருநாள் சந்தடி அடங்கியபிறகு, குசினியில் வைத்து மெதுவாகக் கேட்டார்: "எத்தன மாசமா மகள்?"

கண்டிக்குப் போய் ஒரு வி.ஓ.ஜி.யிடம், அதாவது பெண் நோய் வைத்திய நிபுணரிடம், காட்டுவோம் என்று முடிவானதும் எனக்கு நித்திரை போயிற்று. ஊசிக்கோ மருந்துக்கோ நான் பயப்படவில்லை. டொக்டரின் அறைக்கு வெளியே கிடக்கும் வாங்குதான் என்னைப் பயமுறுத்தியது. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் நிறைந்த அந்த வாங்கில், கலியாணமாகாத நான் உம்மாவோடு உட்கார்ந்திருப்பதை அக்குறணை ஆட்கள் யாராவது கண்டால்? அலவத்துகொடயிலிருந்து மாத்தளை வீதியால் பஸ்ஸில் வந்து, கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும்வரை அந்த ஒரே யோசனைதான். உள்ளே கையை விட்டுச் சோதிப்பார்கள் என்று கூட்டாளிமார் சொன்ன கதை வேறு. டொக்டர் சிங்களத்தில் கேட்டால் எந்தச் சொல்லால் பதில் சொல்வது என்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில் இதற்கெல்லாம் சொல் இருக்கவில்லை.

உள்ளே நடந்ததை விரிவாகவே சொல்கிறேன். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் பயத்தில் பாதி போயிருக்கும்.

முதலில் கேள்விகள்தான். எந்த வயதில் பெரியபிள்ளையானது, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை நாள் இருந்தது, உடம்பு கூடியதா, முகத்தில் பருவோ முடியோ அதிகமா, வீட்டில் யாருக்கும் சீனி வருத்தம் உண்டா. "ஷஃபான் பிறக்க முந்தி" என்று உம்மா பிறைக் கணக்கில் சொல்ல, தமிழ் தெரிந்த தாதி மிஸ்ஸி அதை இங்கிலிஷ் மாதத்துக்கு மாற்றி டொக்டருக்குச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஏசவுமில்லை. கலியாணமாகாத பிள்ளை என்றதால் உள்சோதனைப் பேச்சே எழவில்லை. நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து, சலப்பை நிரம்பியபிறகு அடிவயிற்றின்மேல் குளிர்ந்த ஜெல் பூசி ஸ்கேன் பார்த்தார்கள். மிஸ்ஸி பக்கத்திலேயே நின்றார். பிறகு தைரொயிட், புரோலக்டின், சீனி பார்க்க இரத்தம் எடுத்தார்கள். அவ்வளவுதான்.

எனக்கிருந்தது பி.சி.ஓ.எஸ். என்ற சூலகக் கோளாறு. 1935இல் சிக்காகோவில் ஸ்டைன், லெவெந்தால் என்ற இரண்டு வைத்தியர்கள் ஏழு பெண்களிடம் கண்டு எழுதிய அதே கோளாறு. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது இருக்கலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அப்படியென்றால் அந்த வாங்கில் என்னைப்போல இன்னும் எத்தனை பேர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்களோ! ஸ்கேனில் தெரியும் சின்னச் சின்னக் கட்டிகள் முழுதாக வளராத முட்டைப் பைகள்தான். வெட்டி எடுக்க வேண்டியவையல்ல. ஆனால் மாதக்கணக்கில் வராமல் விட்டால் கருப்பையின் உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். அது நல்லதல்ல. சீனி வருத்தம் வரவும் வாய்ப்புக் கூடும். பெரியபிள்ளையான முதல் இரண்டு மூன்று வருஷத்தில் முன்பின்னாக வருவது சகஜம். அதற்குப் பிறகும் ஒழுங்காகாவிட்டாலோ, எந்த வயதிலும் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலோ, "கலியாணம் முடிச்சா சரியாகும்" என்று தள்ளிப்போடாமல் காட்டத்தான் வேண்டும். அந்த ஆறுதல் வார்த்தை எத்தனையோ பிள்ளைகளின் வருஷங்களைத் தின்றிருக்கிறது.

காசு இதற்கு ஒரு தடையாக வேண்டியதில்லை. அரசாங்க வைத்தியசாலையில் காட்டக் கட்டணம் இல்லை. வெளிநோயாளர் பிரிவில் சொன்னால் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். கண்டி, பேராதனை இரண்டுமே நமக்குத் தூரமில்லை.

இப்போது குடும்பத்துப் பிள்ளைகள் என்னிடம்தான் வருகிறார்கள். தேதிகளை எழுதிக்கொண்டு போ, அபாயாவுக்குள் சல்வார் உடுத்திக்கொள், ஸ்கேனுக்கு மேல்சட்டையைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும் என்கிறேன். போன கிழமை வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டொக்டர் ஆம்பிளையா இருந்தா?" என்றாள். தனியார் வைத்தியசாலையில் செனல் பண்ணி நம்பர் எடுக்கும்போதே பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கலாம் என்றேன். போனை எடுத்து என் கையில் தந்தாள்.