கலாய்ச்சா அது விமர்சனமா பாஸ்?

ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நிற்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் நீங்க என்ன பண்ணுவீங்க? அநேகமா, யாரோ ஒருத்தர் ஏதோ ஒரு படத்தை ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுற வீடியோவை மொபைலில் பார்த்துட்டு இருப்பீங்க. நானும் அதே கேஸ்தான்!

இந்த வீடியோக்களைப் பற்றி கேம்பஸில் ரெண்டு கட்சி உண்டு. 'இதெல்லாம் ஒரு விமர்சனமா? வெட்டி அரட்டை' என்பது முதல் கட்சி. பெரும்பாலும் புரொபஸர்கள். 'பேப்பர்ல வர்றதைவிட இதுலதான் உண்மையைப் பேசுறாங்க' என்பது ரெண்டாவது கட்சி. பெரும்பாலும் கடைசி பெஞ்ச். எனக்கு ரெண்டு கட்சியோடும் கொஞ்சம் சண்டை இருக்கு. வரிசையா வர்றேன்.

முதலில் புரொபஸர் கட்சி. சிரிப்பு வந்தாலே அது விமர்சனம் இல்லை என்றால், அமெரிக்காவின் ரோஜர் ஈபர்ட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? 1975-ல் புலிட்சர் பரிசு வாங்கியவர். சினிமா விமர்சனத்துக்காக அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆள். அதே மனிதர், தனக்குப் பிடிக்காத படங்களைக் கிழிகிழியென்று கிழித்த விமர்சனங்களைத் தொகுத்து 2000-ல் தனியாக ஒரு புத்தகமே போட்டார். தலைப்பிலேயே 'வெறுத்தேன்' என்கிற வார்த்தை மூணு தடவை வரும்! ஸோ, புலிட்சர் வாங்கினவரும் கலாய்ச்சிருக்கார் சார்.

சரி, அது எழுத்து. வீடியோவுக்கு வருவோம். 2009 டிசம்பரில், ரெட் லெட்டர் மீடியா என்கிற அமெரிக்க வீடியோ குழுவின் மைக் ஸ்டோக்லாஸா ஒரு வேலை செய்தார். ஜார்ஜ் லூகாஸ் இயக்கி 1999-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்: தி ஃபேன்டம் மெனஸ்' படத்தைப் பற்றி, ஏழு துண்டுகளாக, மொத்தம் 70 நிமிஷத்துக்கு ஒரு வீடியோ! பேசுவது மிஸ்டர் ப்ளிங்கெட் என்கிற கற்பனைக் கிழவர். கொழகொழ குரல், கிறுக்குப் பேச்சு, நடுநடுவே கண்றாவி ஜோக்குகள். ஆனா, அதில் ஒரு இடம் வரும் பாருங்க.

சில பேரை உட்காரவைத்து ஒரு கேள்வி. படத்தின் ஒரு கேரக்டரைப் பற்றிச் சொல்லணும். ஆள் பார்க்க எப்படி இருப்பார், என்ன டிரெஸ், கதையில் அவருக்கு என்ன வேலை... இந்த மூணையும் மட்டும் சொல்லக்கூடாது. பழைய படங்களின் ஹான் ஸோலோ பெயரைச் சொன்னதும் வார்த்தைகள் வந்து விழுகின்றன. திமிர் பிடிச்சவன், சாகசக்காரன், இப்படி. அடுத்து 1999 படத்தின் குவை-கான். ம்ஹூம்! யோசிக்கிறார்கள், திணறுகிறார்கள், சிரித்து மழுப்புகிறார்கள்.

அவ்வளவு காசைக் கொட்டி எடுத்த படம் ஏன் பலருக்கு மனசில் ஒட்டவே இல்லை என்பதை அந்தத் திணறல் சொல்லிவிடுகிறது. ஜோக்காகவும் இருக்கு, பாடமாகவும் இருக்கு. ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வாசலையே மிதிக்காத ஒருத்தனுக்கு இது ஓசியில் கிடைத்த திரைக்கதை வகுப்பு.

நம்ம ஊரிலும் இந்த வித்தை தெரிந்தவர்கள் உண்டு. சி.எஸ்.அமுதனின் 'தமிழ் படம்' (2010) ஞாபகம் இருக்கா? உடனே பெரிய ஆளாகணும்னு ஒரு பையன் கேட்பான், 'சைக்கிளை மிதி' என்று பதில் வரும். மிதிக்க மிதிக்க ஹீரோ ரெடி! சின்னப் பையனை ஒரே ஷாட்டில் ஹீரோவாக்கும் நம்ம சினிமா வழக்கத்தைப் பற்றி இருபது பக்கம் கட்டுரை எழுதலாம். அவர் ஒரே ஒரு சைக்கிளில் முடித்துவிட்டார்.

இப்போ கடைசி பெஞ்ச் கட்சி. கொஞ்சம் கிட்ட வாங்க!

2012-ல் ஆரம்பித்த 'சினிமா ஸின்ஸ்' சேனல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். படத்தில் ஒரு தப்பைக் காட்டினால் 'டிங்' என்று மணி. மேலே மூலையில் எண்ணிக்கை ஏறும். படக் கம்பெனி லோகோ நீளமா வந்தால்கூட ஒரு டிங்! காமெடிதான், மறுக்கவே இல்லை. ஆனா, லோகோவுக்கும் ஒரு டிங், கதையே புரியாமல் போனதுக்கும் ஒரு டிங் என்றால் எது பெரிய தப்பு, எது துக்கடா தப்பு? எல்லாத்துக்கும் ஒரே மார்க் போடுற வாத்தியாரை நாம ஒத்துக்குவோமா?

2017-ல் 'காங்: ஸ்கல் ஐலேண்ட்' படத்தையும் இப்படி டிங்கினார்கள். இயக்குநர் ஜோர்டன் வோக்ட்-ராபர்ட்ஸ் கொதித்துப்போய், ட்விட்டரில் வரிசையாகப் பதில் எழுதித் தள்ளினார். அவர் பக்கம் முழு நியாயமா என்பது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது எங்க ஃபிலிம் கிளப் கதை.

ஒரு ஜூனியர். அதே காங் படத்தின் ஓட்டைகளை மடமடவென்று ஒப்பித்தான். அசந்துட்டோம். 'சரி தம்பி, உனக்குப் பிடிச்ச சீன் எது?' என்று கேட்டேன். முழித்தான். 'படம் பார்க்கலைண்ணே, வீடியோதான் பார்த்தேன்' என்றான். நாங்க யாரும் சிரிக்கலை. எங்களில் பாதிப் பேர் அப்படித்தானே பல படங்களைப் 'பார்த்து' வெச்சிருக்கோம்!

அந்த வாரமே கிளப்பில் அந்தப் படத்தைப் போட்டோம். சிவந்த சூரியனுக்கு முன்னால் காங் நிற்க, ஹெலிகாப்டர்கள் அதை நோக்கிப் பறக்கிற இடத்தில் பயல் சீட் நுனிக்கு வந்துட்டான். படம் முடிந்து வெளியே வரும்போது, 'காங் மனசுல நிக்குதுண்ணே. ஆனா மனுஷங்க ஒருத்தர்கூட நிக்கலையே, ஏன்?' என்றான். ப்ளிங்கெட் கிழவர் 70 நிமிஷத்தில் சொன்ன விஷயத்தை, அந்த வீடியோவைப் பார்க்காத ஒருத்தன் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டான். படத்தை அவன் கண்ணால் அவனே பார்த்ததுதான் காரணம்.

அதனால், எந்த வீடியோ விமர்சனம், எது வெறும் கலாய்ப்பு என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரே டெஸ்ட்தான். ஜோக்கைக் கழிச்சுட்டுப் பாருங்க. 'ஏன்' என்கிற கேள்விக்குப் பதில் மிச்சம் இருந்தால் அது விமர்சனம், குரல் எவ்வளவு கோமாளித்தனமாக இருந்தாலும் சரி. எதுவுமே மிச்சம் இல்லையா? ஜாலியா சிரிச்சுட்டு அடுத்த வேலையைப் பாருங்க, தப்பே இல்லை. ஆனா, அடுத்த நாள் கேன்டீனில் அதையே சொந்தக் கருத்து மாதிரி எடுத்துவிடாதீங்க.

பரீட்சையில் பிட் அடிச்சா மார்க்காவது மிஞ்சும். ரசனையில் பிட் அடிச்சா என்ன பாஸ் மிஞ்சும்?