வால்வைக் கழட்டச் சொன்னது நான்தான்

நான் படிச்சது பி.காம். லாரிக்கும் எனக்கும் உள்ள சம்பந்தமெல்லாம் அப்பா வழியா வந்தது. சங்ககிரியில லைன் வண்டி ஓட்டினவர். பள்ளிக்கூடம் லீவு விட்டா என்னையும் கூட ஏத்திக்குவார். தொப்பூர் மேடு ஏறும்போது அவர் கண்ணு பாதி ரோட்டுல, பாதி டெம்பரேச்சர் முள்ளுல இருக்கும். வண்டி சூடாயிட்டா ஓரங்கட்டி நிறுத்திட்டு, ஒரு பீடி முழுசா குடிச்சு முடிக்கிற வரைக்கும் ரேடியேட்டர் மூடி கிட்டவே போக மாட்டார். அவங்க செட்டுல எந்த வண்டி வாங்கினாலும் முதல் வேலை தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி எறியறதுதான். "தண்ணி போற வழியில எதுக்கு கண்ணு ஒரு கதவு?" என்பார்.

இந்த அரைகுறை ஞானத்தோட 2022-ல மாற்றலாகி தியோக் வந்து சேர்ந்தேன். சிம்லாவுக்கு மேல, ஆப்பிள் விளையற மலை. எங்க வீட்டுக்காரருக்கு சின்னதா ஒரு தோட்டமும் பழைய டீசல் பிக்கப் ஒண்ணும் உண்டு. 2024 ஆகஸ்ட்ல ஆப்பிள் பெட்டி ஏத்திக்கிட்டு மேடு ஏறும்போதெல்லாம் வண்டி கொதிக்க ஆரம்பிச்சுது. ஒர்க்‌ஷாப்புக்கு நானும் கூடப் போனேன். வம்பை விலைக்கு வாங்கறதுன்னா எனக்கு அவ்வளவு ஆசை.

"வால்வைக் கழட்டிடுங்க, எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான்" என்றேன். மெக்கானிக் தயங்கினார். குளிர்காலத்துல கஷ்டமாயிடும் சார் என்று ஒரு தடவை சொன்னார். ஆனா இங்கே பேங்க் ஆபீசர் சொன்னா மறுபேச்சு கிடையாது, கடன் விஷயத்தைத் தவிர. கழட்டினாங்க. கொதிக்கிறது நின்னு போச்சு. வீட்டுக்காரர் ஒரு பெட்டி ஆப்பிள் கொண்டு வந்து வெச்சார். நானும் அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டுப் பெருமை அடிச்சேன்.

டிசம்பர் வந்ததும் அவர் ரேடியேட்டருக்கு முன்னாடி ஒரு சாக்கைக் கட்டி வெச்சார். எதுக்குன்னு நான் கேட்கவே இல்லை.

2025 ஜனவரியில ஒரு ராத்திரி என் பொண்ணுக்கு மூச்சிரைப்பு. இங்கே முதலுதவி பண்ணிட்டு சிம்லாவுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. என் சின்ன கார் பனியில வழுக்கும். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாம பிக்கப்பை எடுத்தார். 30 கிலோமீட்டருக்கு மேல மலை ரோடு. ஹீட்டரை முழுசா திருப்பியும் வந்தது குளிர் காத்துதான். நாலு பேர் விட்ட மூச்சுல கண்ணாடி உள்பக்கம் பூரா மூடிக்கிச்சு. நான் துடைக்கத் துடைக்க, அவர் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிஞ்ச இடத்து வழியா பார்த்துப் பார்த்து ஓட்டினார். ஃபாகு தாண்டி ஒரு வளைவுல எதிர்ல வந்த லாரியின் வெளிச்சம் பட்டு எதுவுமே தெரியலை. அப்படியே நிறுத்திட்டார். பொண்ணு என் மனைவியின் சால்வைக்குள்ள நடுங்கிக்கிட்டிருந்தா. டெம்பரேச்சர் முள்ளு அடிமட்டத்துலயே கிடந்தது. அப்போதான் எனக்கு உறைச்சுது. அவர் ஒண்ணும் சொல்லலை.

பொண்ணு மூணு நாள்ல தேறி வீட்டுக்கு வந்துட்டா. அன்னிக்கு சாயங்காலமே அப்பாவுக்கு போன்.

"முள்ளு எங்க நிக்குது கண்ணு?"

"ஏறவே மாட்டேங்குதுங்கப்பா."

"காலையில ஸ்டார்ட் பண்ணினதும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாரு. வால்வு இருந்தா கொஞ்ச நேரம் சில்லுனு இருந்துட்டு அப்புறம் ஒரேயடியா சுடும். இல்லாட்டி மொதல்ல இருந்தே வெதுவெதுன்னு கிடக்கும்."

"வால்வைத்தான் நான் கழட்டச் சொல்லிட்டேனே."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நான் சொன்னது நம்மூருக்குடா. காஷ்மீர் லோடு போனப்ப ராத்திரி ரேடியேட்டர் தண்ணியத் தொறந்து விட்டுட்டுத்தான் படுப்போம். விட்டா உறைஞ்சு என்ஜினே வெடிச்சிரும். காலையில வெந்நீர் ஊத்தி எடுப்போம். அத எவனும் உங்கிட்ட சொல்லலியா?"

சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மறுநாள் லீவு போட்டுட்டு அதே மெக்கானிக்கிட்ட போய் நின்னேன். மனுஷன் குத்திக் காட்டாம விளக்கினார். ஹீட்டர்னு தனியா அடுப்பு எதுவும் கிடையாது. என்ஜின் தண்ணிதான் டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஒரு குட்டி ரேடியேட்டர் வழியா ஓடி காத்தைச் சூடாக்குது. வால்வு இல்லைன்னா இந்தக் குளிர்ல தண்ணி சூடாகறதுக்குள்ள பெரிய ரேடியேட்டருக்குப் போய் ஆறிடும். அப்புறம் ஹீட்டருக்கு எதைக் கொடுக்கறது? டீசலும் கூடக் குடிக்கும், என்ஜினும் சீக்கிரம் தேயும். அந்தச் சாக்கு கட்டினது காத்தை மறைச்சு எப்படியாவது சூட்டைப் பிடிச்சு வைக்கத்தான்னு அப்போ புரிஞ்சுது.

ஹீட்டருக்குப் போற ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ரெண்டும் வெதுவெதுப்பு, அப்போ கோளாறு என்ஜின் சூட்டுல. ஒண்ணு சுட்டு இன்னொண்ணு சில்லுன்னு இருந்தா உள்ளே அடைப்பு. முள்ளு மேலே ஏறியும் ஹீட்டர் குளிர்ந்தா தண்ணி குறைஞ்சிருக்கு, இல்லை காத்து அடைச்சிருக்கு, உடனே நிறுத்தணும். கண்ணாடியில எண்ணெய் மாதிரி படிஞ்சு இனிப்பு வாசனை வந்தா உள்ளேயே கூலன்ட் ஒழுகுதுன்னு அர்த்தம்.

கழட்டின பழைய வால்வு அவர் டப்பாவிலேயே இருந்தது. வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, மனைவியின் ரசப் பாத்திரத்துல கம்பியில தொங்க விட்டு தண்ணியைக் காய்ச்சினேன். அதுல 82-னு அச்சடிச்சிருந்தது. அந்தச் சூட்டுல திறக்க ஆரம்பிக்கணும். தண்ணி தளதளன்னு கொதிச்ச பிறகும் பாதிதான் திறந்தது. ஆகஸ்ட்ல கொதிச்சதுக்குக் காரணம் இதுதான். அன்னிக்கே புதுசு போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். கூலன்ட் விஷம், அதனால பாத்திரம் மறுபடி சமையலுக்கு உதவாது. அதுக்கு வீட்ல வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை.

ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் வெடிச்சிருந்தது. மலையில மூடி ரொம்ப முக்கியமாம். உயரம் ஏற ஏற தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சிடும். அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சு அதைத் தள்ளிப் போடறது மூடிதான். உள்ளே ஓடினதோ வெறும் குழாய்த் தண்ணி. இந்தக் குளிர்ல அது உறைஞ்சிருந்தா என்ஜின் பிளாக்கே விரிசல் விட்டிருக்கும். புது வால்வு, கேஸ்கெட், மூடி போட்டு, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊத்தினோம். வண்டி மூக்கை மேட்டுப் பக்கம் தூக்கி நிறுத்தி, ஹீட்டரை முழுசா திருப்பி, மூடியைத் திறந்தே வெச்சு என்ஜினை ஓட விட்டார். குபுக் குபுக்னு காத்து வெளியே வந்தது. இதைக் குளிர்ந்த என்ஜின்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். பழைய கூலன்ட் கலந்தா அது இனிக்கும், நாயோ குழந்தையோ நக்கிடும். சாக்கடையில விடாம கேன்ல பிடிச்சு வைங்க.

பில் முழுக்க நான் கொடுத்தேன். அவர் பாதியைத் திணிக்கப் பார்த்தார், வாங்கலை.

நம்மூர்ல வாங்கின பழைய வண்டியை வடக்கே ஓட்டிக்கிட்டு வந்திருக்கறவங்க, உள்ளே வால்வு இருக்கான்னு இந்த வாரமே பார்த்துடுங்க. என்னை மாதிரி ஒரு புண்ணியவான் எப்பவோ கழட்டியிருக்கலாம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பொண்ணை டாக்டர்கிட்ட காட்டிட்டு வர அதே பிக்கப்லதான் போனோம். பத்தாவது நிமிஷம் முள்ளு நடுவுல வந்து நின்னுது. ஃபாகு வர்றதுக்குள்ள பொண்ணு குல்லாவைக் கழட்டிட்டா. கண்ணாடி சுத்தமா இருந்தது. வீட்டுக்காரர் ரோட்டுல இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"மேனேஜர் சாப், வர்ற கோடையில எதைக் கழட்டணும்?"