புளியங்கொட்டையும் ஏழு பேண்டும்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல் பரீட்சை நடக்கும். எழுதுபவர் இருபத்தாறு வயது நர்ஸ். தெருவில் சின்னப் பசங்க எல்லோருக்கும் அவர் 'நர்ஸக்கா'. மேற்பார்வையாளர் அவருடைய அம்மா. அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் 'கரண்ட்டு', 'பஸ் ஸ்டாண்டு', 'டேங்க்யூ' வகையறாதான். அதை வைத்துக்கொண்டு அவர் எப்படி ஒரு இங்கிலீஷ் தேர்வுக்கு மேற்பார்வை பார்த்தார் என்பது சுவாரசியமான கதை. கொஞ்சம் பொறுங்கள், வருகிறது.

தேர்வின் பெயர் ஐயெல்ட்ஸ். 1989-லிருந்து இந்தப் பெயரில் நடக்கிறது. இந்தியாவில் 2021 முதல் ஐடிபி நிறுவனம் மட்டுமே நடத்துகிறது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. பாஸ், ஃபெயில் கிடையாது. ஒன்பது வரைக்கும் 'பேண்ட்' கொடுப்பார்கள், அரை அரையாக ஏறும். எவ்வளவு வேண்டும் என்பதை நம்மைக் கூப்பிடுகிறவர்கள் முடிவு செய்வார்கள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய அங்குள்ள நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் கேட்பது: கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7. எழுதுதலும் முன்பு 7-ஆகத்தான் இருந்தது. 2018 டிசம்பரிலிருந்து 6.5 போதும் என்று இறங்கி வந்தார்கள். அந்த அரை பேண்டுக்காக எத்தனை வீட்டில் சாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பார்களோ!

அக்கா வேலை பார்ப்பது திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அப்பா சந்தையில் கமிஷன் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். தேர்வுக் கட்டணம் பதினைந்தாயிரத்துக்கு மேல். அக்காவின் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூடுதல். நர்சிங் படிக்க வாங்கிய கடன் வேறு இன்னும் முடியவில்லை. ஆக, 'சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போமே' என்கிற வசதி அந்த வீட்டில் இல்லை. அதனால்தான் மாதிரித் தேர்வுகள்.

முதல் கூத்து பயிற்சி மையத்தில் நடந்தது. (எந்த மையம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம்.) ஒரு கட்டு ஜெராக்ஸ் கொடுத்தார்கள். அக்கா இரண்டு வாரம் உட்கார்ந்து கடிதமாக எழுதித் தள்ளினார். வீட்டு ஓனருக்குக் கடிதம், ஹோட்டல் மேனேஜருக்குப் புகார், தோழிக்கு அழைப்பு. கூட வேலை பார்க்கும் ஒரு சேச்சி அதைப் பார்த்துவிட்டு, "மோளே, நமக்கு அகாடமிக் அல்லே?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது, ஐயெல்ட்ஸில் இரண்டு வகை உண்டு என்று. கடிதம் எழுதுவது ஜெனரல் டிரெயினிங்கில். அகாடமிக்கில் முதல் எழுத்துக் கேள்விக்கு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து 150 சொல்லில் விவரிக்க வேண்டும். நர்ஸ் கவுன்சில் ஏற்பது அகாடமிக் மட்டும். இரண்டு வாரம் போச்சு.

அடுத்து கேம்பிரிட்ஜ் புத்தகங்கள் வந்தன. ஐயெல்ட்ஸ் படிக்கிற எல்லோர் வீட்டிலும் இருக்குமே, அதேதான். ஒரு புத்தகத்தில் நான்கு முழுத் தேர்வு. அக்கா வாங்கியது இரண்டு புத்தகம். முதல் புத்தகத்தை ஒரு மாதத்தில் முடித்தார். பிறகு மறுபடி அதையே போட்டார். பிறகு மறுபடியும். வாசித்தலில் நாற்பதுக்கு 27 வந்தது 31 ஆனது, அப்புறம் 36. ஐயெல்ட்ஸ்காரர்களே சொல்லும் கணக்குப்படி 30 வந்தால் சுமார் 7 பேண்ட், 35 வந்தால் 8. வீட்டில் சந்தோஷமோ சந்தோஷம். அப்பா மண்டியில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

2024 ஜூலையில் முதல் தேர்வு, கோயம்புத்தூரில். கேட்டல் 7.5, வாசித்தல் 6.5, எழுதுதல் 6.0, பேசுதல் 6.5.

36 எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை, அது வந்ததே இல்லை. மூன்றாவது தடவை போடும்போது பத்தியின் முதல் வரியைப் பார்த்ததுமே விடை கைக்கு வந்துவிடும். ஏறியது ஞாபகம். பி.காம். முதல் வருடம் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். இருப்பாய்வில் பற்றும் வரவும் சரியாகப் பொருந்திவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்று முதல் மாதமே சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு பதிவையே விட்டிருந்தாலும் பொருந்தும், வேறு ஆள் கணக்கில் எழுதியிருந்தாலும் பொருந்தும். பொருந்தின சந்தோஷத்தில் பேரேட்டை மூடி வைக்கிறவன்தான் மாட்டுவான்.

ஒரு ஆறுதல் மட்டும் இருந்தது. கவுன்சில் இரண்டு தேர்வு முடிவைச் சேர்த்துக் காட்ட அனுமதிக்கிறது. 2023 பிப்ரவரிக்கு முன்னால் அதற்கு ஆறு மாத அவகாசம், இப்போது பன்னிரண்டு மாதம். ஆனால் இரண்டு தேர்விலும் எதுவும் வேண்டியதைவிட அரை பேண்டுக்கு மேல் குறையக் கூடாது. அக்காவின் மதிப்பெண் சரியாக அந்த விளிம்பில் நின்றது. அரை பேண்ட் இன்னும் கீழே போயிருந்தால் அதுவும் செல்லாது.

கையில் தொடாத புத்தகம் ஒன்றுதான் பாக்கி, அதாவது நான்கு தேர்வு. அக்கா அதை ரேஷன் சர்க்கரை மாதிரி வைத்துக்கொண்டார். மாதம் ஒன்று, அதற்கு மேல் கிடையாது. இடைப்பட்ட நாளெல்லாம் பழைய தவறுகளோடு. அப்பா மண்டியிலிருந்து நீளக் கணக்கு நோட்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அதில் கட்டம் போட்டு, ஒவ்வொரு தவறுக்கும் என்ன கேள்வி, என்ன எழுதினோம், ஏன் எழுதினோம் என்று பதிவு. அந்த 'ஏன்' கட்டம்தான் கஷ்டம். 'கவனக்குறைவு' என்று எழுத அக்கா தனக்குத் தானே தடை போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் அதில் தள்ளிவிடலாமே!

இரண்டு வாரத்தில் நோட்டு பேச ஆரம்பித்தது. கேட்டலில் போன மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் காதால் போகவில்லை, கையால் போயிருந்தது. பன்மைக்கு 'எஸ்' போடாதது, 'அக்காமடேஷன்' என்பதில் இரண்டு 'எம்'மில் ஒன்றை விழுங்கியது, 'இரண்டு சொல்லுக்கு மிகாமல்' என்று கேட்டிருக்கும்போது மூன்று சொல் எழுதியது. எழுத்துப் பிழை இருந்தால் விடை தவறுதான், கருணை கிடையாது.

வாசித்தலில் ஒரே ஒரு இடத்தில்தான் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. 'சரி, தவறு, சொல்லப்படவில்லை' என்று ஒரு வகைக் கேள்வி வரும். இந்த மூன்றாவது இருக்கிறதே, நம்மில் பாதிப் பேரைக் கவிழ்ப்பது அதுதான். ஒரு உதாரணம். பத்தியில் 'ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி வருகிறது' என்று மட்டும் இருக்கிறது. கேள்வி: 'இந்தத் தக்காளியைக் கேரள வியாபாரிகள் வாங்குகிறார்கள்.' ஒட்டன்சத்திரத்துக்காரர் எவரைக் கேட்டாலும் 'சரி' என்பார். லாரி போவதைக் கண்ணால் பார்க்கிறாரே! ஆனால் விடை 'சொல்லப்படவில்லை'. பத்தி சொல்லவில்லை, அவ்வளவுதான். உலகத்தில் அது உண்மையா என்று யாரும் கேட்கவில்லை.

அக்காவுக்கு இது மாதக்கணக்கில் மண்டையில் ஏறவில்லை. ஏறியது ஒரு நைட் டியூட்டியில். ட்யூட்டி மாற்றும்போது புதிதாக வந்த பெண் ஒருத்தி, "எட்டு மணி ஊசி போட்டிருப்பாங்கக்கா, எப்பவும் போடுவாங்கல்ல" என்றாள். அக்கா கேஸ் ஷீட்டைத் திருப்பிக் காட்டி, "இதுல எழுதியிருக்கா? எழுதலைன்னா போடலைன்னும் சொல்லாத, போட்டாங்கன்னும் சொல்லாத. கேட்டுட்டு வா" என்று அதட்டினார். அதட்டி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். நான்கு வருடமாக ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருப்பது அதே மூன்று விடைக் கணக்குத்தானே! அதன் பிறகு வாசிக்கும் பத்தியை ஒரு கேஸ் ஷீட்டாக நினைத்துக்கொண்டார். அந்த வகைக் கேள்வியில் தவறு ஐந்தாறிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது.

எழுதுதல்தான் சிக்கல். வாசித்தலுக்கும் கேட்டலுக்கும் புத்தகத்தின் பின்பக்கம் விடை இருக்கிறது, நாமே டிக் போட்டுக்கொள்ளலாம். கட்டுரைக்கு யார் டிக் போடுவது? மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்வது ஊரில் எல்லோரும் செய்கிற வேலை. அக்காவும் செய்தார். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் ஒட்டிக்கொள்ளும் நான்கு முன்னுரை தயாராக வைத்திருந்தார். திருத்துகிறவர்கள் இந்த ஜோடனையை நாள் முழுக்கப் பார்க்கிறவர்கள், ஏமாறுவார்களா?

அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். அக்கா 250 சொல் கட்டுரையோடு போய் நின்றார். அவர் படித்துவிட்டுப் பேப்பரைக் கவிழ்த்து வைத்தார். "என்னம்மா சொல்ல வர்ற? தமிழ்லயே சொல்லு" என்றார். தலைப்பு, வேலைக்காக மக்கள் கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போவது நல்லதா என்பது. அக்கா ஏதோ ஆரம்பித்தார், 'இரண்டு பக்கமும் இருக்கு சார்' என்று இழுத்தார், நின்றுவிட்டார். "தமிழ்லயே இல்லாதது இங்கிலீஷ்ல எப்படிம்மா வரும்?" என்று கேட்டாரே ஒரு கேள்வி! இத்தனைக்கும் அக்கா கிளம்பத் துடித்துக்கொண்டிருப்பவர், அம்மா வாயைத் திறக்காமல் புளி தட்டிக்கொண்டிருப்பவர். அந்தத் தலைப்பைப் பற்றி அந்த வீட்டைவிட அதிகமாக யாரிடம் சரக்கு இருக்கப் போகிறது? அதிலிருந்து ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல் ஐந்து நிமிடம் தமிழில் யோசனை, இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் கண்ணால் கண்ட ஒரு உதாரணம். அப்புறம்தான் இங்கிலீஷ். முன்னுரைகள் நான்கும் குப்பைக்குப் போயின.

இப்போது அம்மா.

பேசும் தேர்வு பதினொன்றிலிருந்து பதினான்கு நிமிடம். நடுவில் ஒரு அட்டையில் தலைப்பு கொடுப்பார்கள். ஒரு நிமிடம் யோசிக்கலாம், பிறகு இரண்டு நிமிடம் வரை விடாமல் பேச வேண்டும். அம்மா புளி தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுக்கும் கூலி வேலை செய்பவர். ராத்திரியும் முறம் மடியில் இருக்கும். செல்போனில் ஒரு நிமிடம் வைத்து, மணி அடித்ததும் "ம், பேசு" என்பார். அக்கா பேசுவார். அம்மாவுக்கு ஒரு சொல் புரியாது. ஆனால் மகள் எங்கே திணறுகிறாள் என்பது புரியாமல் இருக்குமா? 'ம்ம்...' என்று இழுத்தால் ஒரு புளியங்கொட்டையை எடுத்து டப்பாவில் போடுவார். 'டங்' என்று சத்தம் வரும். 'ஆக்சுவலி' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டு அதற்கும் ஒரு கொட்டை. முதல் நாள் இரண்டு நிமிடத்தில் பத்தொன்பது!

"என்னடி இது, வாக்குவாக்குக்கு ஆச்சுவலி ஆச்சுவலிங்கற? யாரு அவ?"

மூன்று மாதத்தில் பத்தொன்பது ஆறானது, ஆறு மூன்றானது. ஒருநாள் நெருங்கிய ஒருவரைப் பற்றிப் பேசச் சொல்லி அட்டை வந்தது. அக்கா பேசப் பேச டப்பாவில் சத்தமே இல்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தால் அம்மா முறத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "என்னையப் பத்தித்தான சொன்ன?" என்றாராம். "எப்படிம்மா தெரிஞ்சுச்சு?" "நடுவுல 'புளி'ன்னு வந்துச்சுல்ல."

2025 மார்ச்சில் இரண்டாவது தேர்வு. பழநி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக அதே பஸ். பேச்சுத் தேர்வு வீடியோ கால் வழியாக; திரையில் ஒரு முகம், எதிரில் முறம் இல்லை, டப்பா இல்லை. ஒரு வாரத்தில் முடிவு வந்தது. கேட்டல் 7.0. வாசித்தல் 7.5. எழுதுதல் 6.5. பேசுதல் 6.5.

மூன்று கிடைத்துவிட்டது. ஒன்று அரை பேண்டில் நிற்கிறது. வீட்டில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா மட்டும் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் கணக்குப் பார்த்தார். இந்த மார்ச் தேர்விலிருந்து இன்னொரு பன்னிரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் ஒருமுறை பேசுதலில் 7 வந்து, மற்றவை அந்த அரை பேண்ட் எல்லைக்குக் கீழே போகாமல் இருந்தால் இரண்டையும் சேர்த்து அனுப்பலாம். கட்டணம்? தீபாவளி போனஸ் வரட்டும் என்றார் அக்கா.

அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "இங்க மூணு கொட்டைதான விழுந்துச்சு? அங்க என்னடி ஆச்சு?"

"அங்க நீ இல்லைல்லம்மா. அந்தாளு மூஞ்சியைப் பார்த்தா பயந்து வருது."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் ராத்திரி ஒன்பதரைக்கு அவர் எதிரில் உட்காரவில்லை. பக்கத்து வீட்டு வாத்தியாரம்மாவைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்து, "நீங்க மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கங்க, சிரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, முறத்தையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.