தொட்டுக்க வாங்கினது

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் போன தடவை வந்தப்போ செல்போனில் ஒண்ணு காட்டினான். அங்க ஒரு பப்புக்குப் போன பொண்ணு, சிக்கன் ஆறிப்போய் வந்தது, கூப்பிட்டா ஆள் வரலைன்னு தன் பேரைப் போட்டே எழுதியிருந்தது. கடைக்காரர் அதுக்குக் கீழயே மன்னிப்புக் கேட்டிருந்தார். "நம்ம ஊர் பக்கத்துப் பாருக்கு இப்படி யாராவது எழுதுவாங்களாப்பா?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை. சித்திரையில் நடந்தது ஞாபகத்துக்கு வந்துடுச்சு.

டவுனில் இருக்கிறவங்களுக்கு எங்க பக்கத்து பார் எப்படி இருக்கும்னு முதல்ல சொல்லிடறேன். 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில் இருக்கு. பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்குச் சாத்துவாங்க. கடை அரசாங்கத்தோடது. ஆனால் அதை ஒட்டி இருக்கிற பாரை டெண்டர் எடுத்த தனி ஆள்தான் நடத்துவார். தின்பண்டம் விக்கத்தான் அவருக்கு உரிமம். குவார்ட்டர் பாட்டில் மேல விலை அச்சடிச்சிருக்கும். தட்டுல வர்றதுக்கு என்ன விலைன்னு நான் பார்த்த பார் எதுலயும் எழுதி வச்சதில்லை. கொண்டு வர்றவர் வாயில என்ன வருதோ அதுதான் பில்லு.

அன்னைக்குக் காலையில் எங்க தெருவில் பெரியம்மா முறை ஆகிறவங்க பேத்திக்குக் கல்யாணம். நானும் என் சித்தப்பா மகனும் பந்தியில் சாப்பிட்டுட்டு விருத்தாசலம் கமிட்டிக்குப் போனோம். முந்தின நாளே ரெண்டு பேர் மல்லாட்டையும் அங்க இறக்கியாச்சு. மல்லாட்டைன்னா நீங்க சொல்ற வேர்க்கடலை. ஏலம் முடிஞ்சு எடை போட்டு வெளியே வர சாயங்காலம் ஆயிடுச்சு. விலை மோசமில்லை. தம்பிக்குச் சந்தோஷம். "அண்ணே, ஒரு பத்து நிமிஷம்"னான்.

நான் குடியை விட்டு ஏழு வருஷம் ஆச்சு. ஆனால் வண்டி என்னோடது. குடிச்சவனைத் தனியா பஸ்ஸில் விட்டுட்டு வர மனசு வரலை. கூடப் போய் உட்கார்ந்தேன். எந்த ஊர், எந்த பார்னு எழுத மாட்டேன்.

தகரக் கொட்டகை. ஈரத் தரை. மேசையைத் துடைச்ச துணியை உதறி அதே ஆள் தோளில் போட்டுக்கிட்டார். பீங்கானுக்குப் பேர் போன ஊர்ப் பக்கம் இது. ஆனால் குடிக்கிறதுக்கு வந்தது 2019 ஜனவரியிலேயே தடை பண்ணின பிளாஸ்டிக் டம்ளர். நான் ஒரு தட்டு அவிச்ச மல்லாட்டை கேட்டேன். ஒரு பிடிதான் இருக்கும், முப்பது ரூபாய். கொஞ்ச நேரம் முன்னாடி மூட்டையா வித்துட்டு வந்தவனுக்கு அதை உரிக்கவே கை வரலை.

தம்பி சில்லி சிக்கன் வாங்கினான். கலர் மட்டும் நெருப்பு மாதிரி இருந்தது, வாடை சரியில்லை. "என்னப்பா, இது நேத்து உள்ளதா?"ன்னு கேட்டேன்.

"பெருசு, குடிக்க வந்தியா, மோந்து பாக்க வந்தியா? வேணாம்னா வச்சுட்டுப் போ. காசு மட்டும் குடுத்துரு."

சத்தமாத்தான் சொன்னார். பக்கத்து மேசைக்காரங்க யாரும் திரும்பிப் பார்க்கலை. டீக்கடையில் பால் கெட்டுப் போனா நாலு பேர் சண்டைக்கு வருவோம். அங்க யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. தான் அங்க உட்கார்ந்திருக்கிறதே வெளியே தெரியக் கூடாதுன்னு நினைக்கிறவங்க எதைக் கேட்பாங்க? அது அந்தக் கடைக்கும் நல்லாத் தெரியும். தம்பி, "வுடுண்ணே"ன்னு சொல்லி முழுசையும் தின்னுட்டான்.

ராத்திரி ஒரு மணிக்கு அவன் சம்சாரம் போன் பண்ணுது. வாந்தி, வயித்துப்போக்கு, கை கால் இழுக்குது. ஒரு காரைப் பிடிச்சு விருத்தாசலம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா உடனே குளுக்கோஸ் ஏத்தச் சொல்லிட்டு, "கடைசியா எங்க சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டாங்க.

"கல்யாண வீட்ல."

"குடிச்சீங்களா?"

சம்சாரம் பக்கத்துலயே நிக்குது. "இல்லைங்க"ன்னான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தாங்க. உண்மையைச் சொன்னா நானும் பாரில் இருந்தது தெரியும். ஏழு வருஷம் கழிச்சு மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்னு என் வீட்டுல நினைப்பாங்க. வாயை மூடிக்கிட்டு நின்னேன்.

அது எவ்வளவு பெரிய தப்புன்னு பிறகுதான் உறைச்சது. சில மருந்து சாராயத்தோட சேரக் கூடாதாம், அதுக்குத்தான் கேட்பாங்களாம். 2024 ஜூனில் எங்க பக்கத்து மாவட்டத்துல, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்தாங்க. வாந்தின்னு வர்றவனை டாக்டர் குடிச்சியான்னு கேட்கிறது உயிரைக் காப்பாத்த. நாங்க மானத்தைக் காப்பாத்திக்கிட்டு நின்னோம். நல்ல வேளை, தம்பி ரெண்டு நாளில் எழுந்துட்டான்.

மூணாம் நாள் டீக்கடையில் பேச்சு அடிபடுது. "கல்யாணத்துல சாம்பார் ஊசிப் போச்சாம், ஒரு ஆளு ஆஸ்பத்திரியில கிடக்கிறான்." பந்தியில் சாப்பிட்ட மத்த யாருக்கும் ஒண்ணும் இல்லை. அதை யாரும் யோசிக்கலை. எங்க தெரு விசேஷத்துக்கெல்லாம் முப்பது வருஷமா கரண்டி பிடிக்கிற சமையல்காரருக்கு, பொண்ணோட அப்பா மீதி நாலாயிரத்தைத் தராம நிறுத்தி வச்சுட்டார். அடுத்த முகூர்த்தத்துக்குச் சொல்லியிருந்த ஒரு வீட்டுக்காரங்க வேற ஆள் பார்த்துட்டாங்க.

டீயைக் குடிக்க முடியலை. நேரா பெரியம்மா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நடந்ததை எல்லாம் சொன்னேன். கீரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாங்க:

"நீயும் அங்க குந்தியிருந்தியா?"

"ஆமாம் பெரிம்மா. குடிக்கலை. ஆனா இருந்தேன்."

"எவனோ ஒருத்தன் போட்ட ஊசக் கறிக்கு மூணு நாளா என் வூட்டுச் சோத்தை ஊரே மென்னு துப்புதுடா. கடன் வாங்கிப் போட்ட சோறுடா அது."

அதுக்கு மேல அவங்க பேசலை. எனக்கும் பேச ஒண்ணும் இல்லை. அன்னைக்கே சமையல்காரருக்கு நாலாயிரம் போய்ச் சேர்ந்தது. கைமாறிப் போன முகூர்த்தம் திரும்பி வரலை. அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டப்போ, "நாலு பேர் இருக்கிற எடத்துல சொல்லு, எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன புண்ணியம்"னார். டீக்கடையில் போய் சொன்னேன். தம்பி ஒரு மாசம் என்னோட பேசலை. என் சம்சாரம் ஒண்ணும் கேட்கலை. ஆனா ரெண்டு வாரம், நான் வெளியே போய் வந்தா தண்ணிச் சொம்பை நீட்டுற சாக்குல பக்கத்துல வந்து நின்னது எனக்குத் தெரியும்.

2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓட்டலுக்கு ஒண்ணு, பாருக்கு ஒண்ணுன்னு ரெண்டு நியாயம் கிடையாது. சமைச்சு விக்கிற எல்லாருக்கும் பதிவோ உரிமமோ வேணும். கெட்டதை வித்தா உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப்பில்கூட புகார் அனுப்பலாம். குடிக்கிறது நல்லதுன்னு நான் சொல்ல வரலை, அது தந்த கஷ்டத்தை அனுபவிச்சவன் நான். ஆனா குடிக்க வந்தவன் தின்னுறதும் சோறுதான். அவனுக்கும் வயிறு ஒண்ணுதான்.

மகன் கேட்டதுக்கு இப்பத்தான் பதில் சொல்ல முடியுது. எழுதலாம்ப்பா. ஆனா அதுக்கு முன்னாடி, நான் அங்க உட்கார்ந்திருந்தேன்னு சொல்லணும். சொல்லிட்டேன்.