இன்னொரு ஏசிக்கு முன்

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் வெயில் 43 டிகிரியைத் தாண்டியது. அந்த ஊர் வெயிலில் நிற்கும் பழைய மோட்டார்ஹோமுக்குப் பலரும் சொல்லும் வைத்தியம், கூரையில் இன்னொரு ஏசி. எனக்கு இதில் உடன்பாடில்லை. கூரை ஏசி தான் இழுக்கும் காற்றை ஏறத்தாழ 11 டிகிரிதான் குளிர்விக்கும். உள்ளே வரும் வெப்பம் குறையாதவரை அது மூச்சிரைக்க ஓடிக்கொண்டேதான் இருக்கும். பழைய வண்டிகளில் சுவர் மெலிசு. முன்கண்ணாடியோ வண்டியின் முழு அகலத்துக்கு. அதற்கு உட்புறம் திரை போட்டால் அரைப் பயன்தான், ஏனென்றால் திரையைச் சுடவைத்த வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. நிழல்வலையைக் கண்ணாடிக்கு வெளியே கட்ட வேண்டும். கூரைக் காற்றுத்துளைகளில் நுரைத்திண்டு அடைப்பது சில்லறைச் செலவு.

"ரெண்டு ஏசி இருந்தா கவலையே இல்லை" என்பார்கள். 30 ஆம்ப் இணைப்பில் கிடைப்பதே 3600 வாட். ஒரு ஏசியே சுமார் 1500 வாட் கேட்கும். இரண்டும் ஓடும்போது மைக்ரோவேவை அழுத்தினால் பிரேக்கர் விழும். ஏர்கூலர் போதுமே என்றால், ஜூன் மாத வறண்ட காற்றில் சரி. ஜூலையில் அங்கே பருவமழை ஈரம் வந்ததும் புழுக்கம்தான் மிஞ்சும். ஏசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வயதானவர்கள் இருக்கும் வண்டியில் அது கட்டாயம். வலையும் திண்டும் போட்ட பிறகும் மதியம் தாங்கவில்லையென்றால், அப்போது 50 ஆம்ப் வயரிங்குக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம்.